சோற்றுச்சட்டியை முகர்ந்த புலி

உட்காருங்கள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன். மூன்று ஊர் நடந்து வந்த கால் இது, நின்றுகொண்டு கதை சொல்ல இதற்குத் தெம்பு கிடையாது. இன்றைக்குச் சொல்லப்போவது களைத்துப்போன ஒருவனின் கதை. களைத்தவர்கள் முன்னால் வாருங்கள். களைப்பென்றால் என்னவென்றே தெரியாத யாராவது இருந்தால், எழுந்து போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவாருங்கள். மற்றவர்களுக்கு ஆகும்.

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. நாடென்று இருந்தால் அரசன் ஒருவன் இருந்துதானே ஆகவேண்டும். குவளைமாறன் என்பது அவன் பெயர். கெட்டவன் இல்லை. பொய்ச்சாட்சியை நம்பமாட்டான், ஏழையை அடிக்கமாட்டான், கொடுத்த வாக்கை விழுங்கமாட்டான். ஆனால் ஒரு குறை உண்டு. தன் கண்ணைப் பற்றி அவனுக்குப் பெருமை அதிகம். "என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை" என்று நாளைக்கு மூன்று முறை சொல்வான். அவையில் இருப்பவர்களும் மூன்று முறை தலையாட்டுவார்கள். சம்பளத்துக்குத் தலையாட்டுவதில் என்ன சிரமம்?

அவன் அரண்மனை வாசலில் ஒரு காவலன் நின்றான். பெயர் சொரிமுத்து. சூரியன் ஏறும்போது கையில் வேலைப் பிடித்தால், சூரியன் இறங்கும்போதுதான் விடுவான். நடுவில் சாப்பிட இடம் பெயரக்கூடாது என்பது சட்டம். காலடியில் ஒரு சோற்றுச்சட்டி இருக்கும். அதில் காலையிலேயே பாதி தீர்ந்திருக்கும், மீதியும் பகல் ஏறுமுன் தீர்ந்துவிடும்.

நெடுங்கரையில் ஒரு வழக்கம் உண்டு, இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அரசனைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் காவலன் உள்ளே போவான். வந்தவர் எப்படி இருக்கிறார் என்று சொல்வான். பிறகு, வாசலில் அவர் பேசியதை ஒரு சொல் விடாமல், ஒரு சொல் கூட்டாமல் அப்படியே ஒப்பிப்பான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அரசன் வரச்சொல்வான். இருமினால் இருமினார் என்றும் சொல்லவேண்டும். சொரிமுத்து இருபது ஆண்டுகளாக அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

இனி நம் ஆளுக்கு வருவோம். அவன் பெயர் மூக்காண்டி. வேடம் கட்டுவது அவன் தொழில். ஒவ்வோர் ஆண்டும் மாசி பிறந்ததும் தலைநகருக்கு வருவான், பதினைந்து நாள் தங்குவான், நாளுக்கொரு வேடம் கட்டுவான். புலி வரும், வேடன் வருவான், காளி வருவாள். பிள்ளைகள் புலிக்குப் பயந்து ஓடும். பெண்கள் காளியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பதினைந்தாம் நாள் வேடம் கலைப்பு நாள். அன்று மட்டும் அரிதாரம் பூசாத வெறும் முகத்தோடு அரண்மனைக்குப் போவான். அரசன் தன் கையாலேயே ஒரு புதுத்துண்டை அவன் தோளில் போடுவான். அதை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

வேடம் கட்டிவிட்டால் மூக்காண்டியின் நாக்கு எட்டு முழம். வெறும் முகத்தில் அவன் வேறு ஆள். நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளாகத் தூணுக்குப் பின்னால் நிற்பான். கேட்டதற்குப் பதில் சொல்வான், கேட்காததை வாயில் வைத்துக்கொண்டே திரும்பி வருவான். செவ்வந்தி என்று ஒரு மனைவி இருந்தாள். பதினெட்டு ஆண்டு கூட வாழ்ந்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். "எம் புருசனை எனக்குத் தெரியாது, அவர் கட்டுற புலியைத்தான் தெரியும்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாளாம். சிரித்தாளா அழுதாளா என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் வெளிச்சம்.

நாற்பது ஆண்டுகள் இப்படிப் போயின. மூக்காண்டி களைத்துப்போனான். அரிதாரம் தின்று தின்று முகத்தோல் வெடித்துவிட்டது. புலியாகத் தவழ்ந்து தவழ்ந்து முட்டி இரண்டும் போய்விட்டன. காலையில் எழுந்ததும், இன்றைக்கு யாராக இருக்கவேண்டும் என்று நினைக்கும்போதே அவனுக்கு அலுப்பாக இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு குடிசை, அதில் ஒரு பாய், அந்தப் பாயில் யாராகவும் இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் படுத்திருப்பது. அவன் ஆசை அவ்வளவுதான்.

ஆனால் அவன் நினைத்தபடி தொழிலை விடமுடியாது. வேடம் கட்டும் குடியில் பிறந்தவன் சாகும்வரை கட்டவேண்டும். அரசன் தன் வாயால் "கலைத்துக்கொள்" என்று சொன்னால்தான் விடுதலை. அவன் அப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் குரங்கு வேடத்திலேயே தெருவில் விழுந்து செத்தார். விழுந்ததையும் வித்தை என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். மூக்காண்டி அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். தனக்கும் அப்படிக் கைதட்டுவார்களோ என்ற பயம் அவனை விட்டுப் போகவே இல்லை.

அந்த ஆண்டு மாசி முதல் நாள், கேட்டே விடுவதென்று முடிவுசெய்தான். வெறும் முகத்தில் கேட்க வாய் வராது. அதனால் கரடி வேடம் கட்டிக்கொண்டு போனான்.

அவைக்கு நடுவில் வந்து கரடி உட்கார்ந்தது. பிறகு கைகூப்பிப் பேசியது.

"மகாராசா, கரடிக்கு முட்டி வலிக்குது. நாற்பது வருசமா ஆடிட்டு இருக்கு. கரடியைக் குகைக்கு அனுப்பிடுங்க."

அவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அரசனுக்கும் கண்ணில் நீர் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் கரடி இன்னும் கைகூப்பியபடியே இருப்பதை அவன் பார்த்தான்.

அரசனுக்கு மனசில்லை. நாளெல்லாம் வழக்கும் வாய்தாவும் கேட்டு அலுத்தவனுக்கு மாசி மாதத்தில் இந்தப் பதினைந்து நாள்தான் பொழுதுபோக்கு. அவனும் ஒரு வகையில் களைத்தவன்தான். முடியாது என்று சொல்லவும் நாக்கு கூசியது. அதனால் ஒரு பந்தயம் வைத்தான்.

"இந்தப் பதினைந்து நாளுக்குள், ஒரே ஒரு முறை நீ என் முன்னால் வந்து நின்று, நான் உன்னை அடையாளம் காணாமல் போகவேண்டும். போனால் கலைத்துக்கொள்ளலாம், ஆற்றங்கரையில் குடிசையும் உண்டு. ஒவ்வொரு முறையும் நான் கண்டுபிடித்துவிட்டால், உயிர் உள்ளவரை வேடம்தான். என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை, தெரியுமல்லவா?"

அவை தலையாட்டியது. கரடியும் தலையாட்டியது.

மூக்காண்டி ஊருக்கு வெளியே ஒரு பாழ்மண்டபத்தில் தங்கி, மூன்று நாள் யோசித்தான். நான்காம் நாள் வைரம் விற்கும் வணிகனாகப் புறப்பட்டான். பஞ்சுமூட்டையைக் கட்டித் தொப்பை வைத்தான். பத்து விரலிலும் மோதிரம். வாய் நிறைய வெற்றிலை. கடல் கடந்த தேசத்துக்காரன் தமிழை எப்படிக் கடித்துப் பேசுவானோ அப்படிப் பேசினான். உச்சிவெயிலில் அரண்மனை வாசலுக்கு வந்து இறங்கினான்.

"ஓய் காவல்காரரே, வைரம் கொண்டாந்திருக்கேன்னு ராசாகிட்ட சொல்லும். வெயிலு இந்தப் போடு போடுதே. கஞ்சி கிஞ்சி குடிச்சீரா?"

"இனிமேத்தான்யா" என்றான் சொரிமுத்து. உள்ளே போனான், ஒப்பித்தான், வந்தான், வழிவிட்டான்.

வணிகன் அவையில் போய் ஒரு கும்பிடு போட்டான். பையை அவிழ்ப்பதற்குள் அரசன் சிரித்தான்.

"வா மூக்காண்டி. தொப்பை நன்றாக இருக்கிறது."

மூக்காண்டிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மண்டபத்துக்குத் திரும்பித் தொப்பையை அவிழ்த்துத் தூக்கிப் போட்டான். நடக்கும்போது அது ஆடியிருக்கும், அதனால்தான் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான். இனிமேல் ஒட்டவைத்தது எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்று முடிவுசெய்தான்.

அடுத்து முனிவன். இதற்கு அவன் பட்ட பாட்டைக் கேளுங்கள். கன்னம் ஒட்டவேண்டும் என்பதற்காக மூன்று நாள் பட்டினி கிடந்தான். குரல் தேயவேண்டும் என்பதற்காக மூன்று நாள் பேசாமல் இருந்தான். ஆலம்விழுது நாரைத் திரித்துச் சடை முடிந்தான். எட்டாம் நாள், சாம்பல் பூசி, தண்டம் ஊன்றி, அரண்மனை வாசலில் போய் நின்றபோது அவனே தன்னை முனிவன் என்று நம்பியிருப்பான்.

சொரிமுத்து ஓடிவந்து காலில் விழுந்தான். முனிவன் கண்ணை மெல்லத் திறந்தான்.

"அரசனைக் காண வந்தோம். எழுந்திரு அப்பனே. பசியாறினாயா?"

"ஆச்சு சாமி" என்று பொய் சொன்னான் சொரிமுத்து. முனிவரிடம் போய்ப் பசி என்று சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம், அவரே எலும்பும் தோலுமாக நிற்கிறார். உள்ளே போனான், ஒப்பித்தான், வந்தான், வழிவிட்டான்.

அவையே எழுந்து நின்றது. அமைச்சர் ஒருவர் ஆசனம் கொண்டுவர ஓடினார். அரசன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மூக்காண்டி, உட்கார். பட்டினி கிடந்திருக்கிறாய் போல. முதலில் பால் குடி."

பாலைக் குடித்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினான். சடையைப் பிய்த்தான், மோந்து பார்த்தான். ஆலநாரின் வாடை வந்திருக்கும், அதுதான் காட்டிக்கொடுத்தது என்று நினைத்தான். குற்றத்தைத் தேடுகிறவன் கையில் இருப்பதில்தானே தேடுவான்? நாமும் அப்படித்தான், காலில் தைத்த முள்ளைச் செருப்பில் தேடுவோம்.

மூன்றாவது முறைக்கு வெகுநேரம் யோசித்தான். வணிகனும் முனிவனும் வணங்கியும் வாழ்த்தியும் பேசுகிறவர்கள். தன்னைப் போன்ற சாதுவான ஆள் அவர்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். தனக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒருவனாகப் போகவேண்டும். யாரையும் மதிக்காதவன், யாருக்கும் இரங்காதவன், எடுத்தெறிந்து பேசுகிறவன். பகைநாட்டுத் தூதனாகப் போனால் என்ன?

பன்னிரண்டாம் நாள், ஒரு குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். மீசையை மேலே முறுக்கியிருந்தான். முட்டிவலியில் உயிர்போனது, அதைத் திமிர் நடையாக மாற்றிக்கொண்டான். அரிதாரமே பூசவில்லை. வெயிலில் நின்று கறுத்து, புளித்தண்ணீரால் முகத்தைக் கழுவி, தோலின் நிறத்தையே மாற்றியிருந்தான். தெருவில் ஜனங்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

வாசலில் குதிரையை நிறுத்தி, சொரிமுத்துவை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"உங்க ராசா இருக்கானா? ஓலை கொண்டுவந்திருக்கேன்னு சொல்லு. ஏண்டா, நீ நிக்கிற நிலையைப் பார்த்தா தின்னு மூணு நாளானவன் மாதிரி இருக்கே. காவலுக்கு நிக்கிறவனுக்குச் சோறு போடக்கூட வக்கில்லாத நாடா இது? தின்னியா இல்லையா, சொல்லித் தொலை."

சொரிமுத்துவுக்கு ரோசம் வந்தது. இருந்தாலும் கடமை கடமைதான். உள்ளே போனான். "தின்னியா இல்லையா, சொல்லித் தொலை" வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தான். வந்தான், வழிவிட்டான்.

தூதன் போர் ஓலையை நீட்டியபோது அமைச்சர்களின் முகம் வெளுத்தது. தளபதியின் கை வாளுக்குப் போனது. அரசன் ஓலையை வாங்கிப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"போதும் மூக்காண்டி. தளபதிக்கு வியர்க்கிறது, பார். என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை."

மண்டபத்துக்குத் திரும்பிய மூக்காண்டிக்கு இந்த முறை குற்றம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. தொப்பை இல்லை, சடை இல்லை, அரிதார வாடையும் இல்லை. தான் கற்ற வித்தை அத்தனையும் கொட்டியாகிவிட்டது. நாற்பது ஆண்டுத் தொழிலில் அவன் இவ்வளவு களைத்ததில்லை. அன்று முழுக்க அவன் எழுந்திருக்கவில்லை. குடிசை போயிற்று, பாய் போயிற்று. இனி அப்பனைப் போலத் தெருவில் விழவேண்டும், ஜனங்கள் கைதட்டவேண்டும், அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நாள் ஆற்றில் இறங்கி முகத்தைத் தேய்த்துக் கழுவினான். மீசையை வழித்தான். பழைய வேட்டியைக் கட்டினான், துண்டைத் தோளில் போட்டான். தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பதினைந்தாம் நாள்வரை காத்திராமல் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்பது எண்ணம். இனி எந்த வேடத்தைக் கட்டிக்கொண்டு போய் அதைச் சொல்வது? வெறும் முகத்தோடே போனான்.

வாசலில் சொரிமுத்து வேலில் சாய்ந்து நின்றான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சோற்றுச்சட்டி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"யாருய்யா நீ?"

மூக்காண்டி தலையை நிமிர்த்தவில்லை. "ராசாவைப் பார்க்கணும்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

சொரிமுத்து உள்ளே போனான். "கிழவன் ஒருத்தன், மகாராசா. ராசாவைப் பார்க்கணும் என்றான். வேறொன்றும் சொல்லவில்லை" என்று ஒப்பித்தான்.

"ஏதோ வழக்குக்காரன். வரச்சொல்."

மூக்காண்டி அவைக்கு நடுவில் போய் நின்றான். அரசன் ஓலை ஒன்றைப் படித்துக்கொண்டே கேட்டான்.

"எந்த ஊர்? நிலத் தகராறா, வாய்க்கால் தகராறா?"

மூக்காண்டி இதை அரசனின் கேலி என்று நினைத்தான். தோற்றவனை ஏன் இன்னும் குத்தவேண்டும் என்று வருந்தினான்.

"மகாராசா, நான் தோத்துட்டேன்."

"எந்த வழக்கில்? யார் எதிராளி?"

"நீங்கதான்."

அரசன் இப்போதுதான் ஓலையிலிருந்து தலையை எடுத்தான். எதிரே நின்ற முகத்தைப் பார்த்தான். வெடித்த தோலும் குழிந்த கண்ணுமாக ஒரு கிழவன். எங்கேயும் பார்த்த முகமாகத் தெரியவில்லை.

"யாரப்பா நீ?"

"மூக்காண்டி, மகாராசா."

அவை சிரித்தது. அரசனும் சிரித்தான். "மூக்காண்டியே அனுப்பினானா உன்னை? தன்னைப் போல வேடம் போட வேறு ஆளைத் தயார்செய்துவிட்டானா? கெட்டிக்காரன். ஆனால் என் கண்ணுக்கு..."

மூக்காண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். கரையில் குவளைப்பூ நெய்த துண்டு. அரண்மனைத் தறியைத் தவிர வேறெங்கும் அதை நெய்வதில்லை. போன மாசியில் வேடம் கலைப்பு நாளன்று அரசன் தன் கையாலேயே போட்ட துண்டு. அதற்கு முந்தைய ஆண்டும் போட்டான், அதற்கும் முந்தைய ஆண்டும் போட்டான். பட்டம் ஏறியதிலிருந்து பதினேழு மாசியில் பதினேழு துண்டு. ஒரு முறைகூடத் துண்டுக்கு மேலே இருந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

அவையில் சிரிப்பு நின்றுபோனது. அரசன் துண்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி துண்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான்தான் தோற்றேன். கலைத்துக்கொள், மூக்காண்டி."

நாற்பது ஆண்டு ஏங்கிய சொல் காதில் விழுந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அவனுக்கு மகிழ்ச்சியே வரவில்லை. வெறும் முகத்தோடு வந்தால் உலகத்தில் தன்னை யாருக்கும் தெரியாது என்பது உறுதியானதில் மகிழ என்ன இருக்கிறது? ஆனாலும் தொழில்காரன் தொழில்காரன்தான். அவனுக்கு ஒன்று தெரிந்தாகவேண்டியிருந்தது.

"மகாராசா, மூணு தடவையும் எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எங்கே பிழைன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சுக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அரசனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாக்கை விழுங்காதவன் உண்மையையும் விழுங்கமாட்டான்.

"என் கண் உன்னைக் கண்டுபிடிக்கவே இல்லை. என் காதுதான் கண்டுபிடித்தது. நான் பட்டம் ஏறிய புதிதில் நீ புலி வேடத்தில் வந்தாய். புலி பேசாதல்லவா? சொரிமுத்து வந்து ஒப்பித்தான், 'புலி என் சோற்றுச்சட்டியை முகர்ந்து பார்த்தது, மகாராசா. காலி என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்த்து உறுமியது' என்று. அடுத்த ஆண்டு காளியாக வந்தாய். 'உண்டாயா மகனே' என்று காளி கேட்டாளாம். அதற்கடுத்த ஆண்டு வேடனாக வந்து, சாப்பிட முயல் வேண்டுமா என்று சொரிமுத்துவைக் கேட்டாய். இந்த வாசல் வழியாக அமைச்சர் வருகிறார், புலவர் வருகிறார், நானே நாளைக்கு நாலு முறை போய்வருகிறேன். சாப்பிட்டாயா என்று அவனை ஒருவரும் கேட்டதில்லை. நீ ஒருவன்தான் கேட்பாய். வணிகனாக வந்தாலும் கேட்டாய், முனிவனாக வந்தாலும் கேட்டாய், திட்டிக்கொண்டே வந்த தூதனும் அதைத்தான் கேட்டான். இன்றைக்கு நீ கேட்கவில்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை."

"நானா கேட்டேன்?" என்றான் மூக்காண்டி.

உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. வணிகன் கேட்டான், அது வணிகனின் பேச்சு என்று நினைத்திருந்தான். தூதன் கேட்டான், அது தூதனின் திமிர் என்று நினைத்திருந்தான். வேடம் வேடமாகத் தேடிப் பிழை பார்த்தவன், எல்லா வேடத்துக்குள்ளும் ஒரே ஆள் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டதைக் கவனிக்கவே இல்லை.

அப்போது அவனுக்குச் செவ்வந்தியின் நினைவு வந்தது. பதினெட்டு ஆண்டு அவள் சோறு போட்டாள், இவன் சாப்பிட்டான், கைகழுவி எழுந்தான். நீ சாப்பிட்டியா என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். ஊரிலிருக்கும் காவலனைப் புலி கேட்டது, காளி கேட்டாள். வீட்டிலிருந்தவளை வெறும் முகத்தோடு கேட்க இவனுக்கு வெட்கமாக இருந்தது. கேட்கும் மனசு இல்லாமல் இல்லை. அது தன்னிடம் இருப்பதே தெரியாமல், வேடத்துக்குத்தான் சொந்தம் என்று இருந்துவிட்டான். அவைக்கு நடுவில் நின்று அவன் அழுதான். அழுதால் அரிதாரம் கலையும் என்று நாற்பது ஆண்டு அடக்கியவன், அன்றைக்கு அடக்கவில்லை.

அரசனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். சொரிமுத்து இன்னும் வேலில் சாய்ந்துதான் நின்றான். மூக்காண்டி அவனைத் தாண்டி நாலடி போனான். திரும்பி வந்தான்.

கேட்கவேண்டும். வாய் வரவில்லை. வணிகனின் குரல் நாக்கு நுனிக்கு வந்தது, அதை விழுங்கினான். முனிவனின் குரல் வந்தது, அதையும் விழுங்கினான். தூதனின் குரல் வந்தது, அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினான். கடைசியில், பழகாத கரகரத்த ஒரு குரல் வெளியே வந்தது.

"சாப்பிட்டியா?"

சொரிமுத்து நிமிர்ந்தான். அந்த வெடித்த முகத்தை உற்றுப் பார்த்தான். யாரென்று சொல்ல அவனுக்கு ஒரு துண்டும் தேவைப்படவில்லை.

"அட, நீயா? புலி நீதானா?"

"ம்."

"எத்தனை வருசமா கேக்குறே. நான்தான் உன்னை ஒரு தடவைகூடக் கேக்கலை." சொரிமுத்து வேலை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டான். "நீ சாப்பிட்டியா?"

நாற்பது ஆண்டில் புலிக்கு இறைச்சி போட்டிருக்கிறார்கள், காளிக்குப் பொங்கல் படைத்திருக்கிறார்கள், முனிவனுக்குப் பால் கொடுத்திருக்கிறார்கள். மூக்காண்டியை யாரும் கேட்டதில்லை.

"இல்லை" என்றான். "நீ முதல்ல போய்ச் சாப்பிட்டு வா. தலைப்பாகையைக் கொடு. வேலைக் கொடு. அதுவரைக்கும் நான் நிக்கிறேன்."

"சட்டம் இருக்கே."

"சட்டம் காவல்காரன் இடம் பெயரக்கூடாதுன்னுதானே சொல்லுது? காவல்காரன் நின்னுட்டுத்தானே இருப்பான்."

அப்படியே நின்றான். சொரிமுத்து இருபது ஆண்டில் முதல்முறையாக உச்சிப்பொழுதில் வீட்டுக்குப் போனான். அவன் மனைவி என்னவோ ஏதோ என்று பதறிவிட்டாள் என்று கேள்வி.

கொஞ்சநேரத்தில் அரசன் வெளியே வந்தான். வழக்கம்போல வாசலைத் தாண்டினான். ஐந்தாறு அடி போனவன் நின்றான். திரும்பி வந்து, தலைப்பாகைக்குக் கீழே இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தான். இந்த முறை அவனுக்கு ஒருவரும் எதையும் ஒப்பிக்கவில்லை.

"மூக்காண்டி, சொரிமுத்து எங்கே?"

"சாப்பிடப் போயிருக்கான், மகாராசா."

அரசன் தலைகுனிந்து நின்றான். என் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று அன்றைக்கு மூன்றாம் முறை அவன் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வாசலுக்கு இரண்டு காவலர்கள் வந்தார்கள்.

மூக்காண்டிக்கு ஆற்றங்கரையில் குடிசை கிடைத்தது, பாய் கிடைத்தது. ஒரு மாதம் தூங்கினான். முட்டிவலி போகவில்லை, அது எங்கே போகும்? அடுத்த மாசி பிறந்தபோது ஒருவரும் கூப்பிடாமலே எழுந்து புலி வேடம் கட்டினான். இந்த முறை தவழவில்லை, கிழப்புலியாகத் தடியூன்றி நடந்தான். வீடு வீடாகப் போய், சட்டியை முகர்ந்து, காலியாக இருந்த வீட்டு வாசலில் நின்று உறுமினான். வீட்டுக்குத் திரும்பி முகம் கழுவிய பிறகும், வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு அதே கேள்வியைத் தன் கரகரத்த குரலில் கேட்டான். முதலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது.

கதை நடந்து களைத்துவிட்டது, நானும் களைத்துவிட்டேன், கால் நீட்டிக்கொள்கிறோம். நீதியை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்: எத்தனை வேடம் கட்டினாலும் அத்தனையிலும் நம்மையறியாமல் வெளியே வருவது எதுவோ அதுவே நம் சொந்த முகம், வேடத்தில் அதைக் கண்டுகொண்டவன் வெறும் முகத்திலும் அதைக் காட்டப் பழகவேண்டும்.

சரி, நீங்களெல்லாம் சாப்பிட்டீர்களா?